சவேரியார் நடந்த கரை

மும்பையில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் ஒருமுறையேனும் கோவாவுக்குச் சென்று வராதவை அரிது. கடற்கரையில் இரண்டு நாள் கழித்து, மூன்றாம் நாள் பழைய கோவாவுக்குப் போய், பொம் ஜேசு ஆலயத்தில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் வெள்ளிப் பேழையை அண்ணாந்து பார்த்துவிட்டு இரயிலேறுவது வழக்கம். அப்பேழையில் கிடப்பவர் இந்தியாவில் முதன்முதலாக நெடுநாள் உழைத்தது கோவாவில் அன்று, குமரிமுனைக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட நம் தமிழ்க் கரையில்தான் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நாங்களும் பன்முறை அவ்வாறு பார்த்துத் திரும்பியவர்களே. ஆதலின் சென்ற தைத் திங்களில் ஐந்து குடும்பத்தினர் ஒன்றுகூடி, கோவாவில் தொடங்கித் தூத்துக்குடி வரையில் அவருடைய சுவடுகளைப் பின்பற்றிச் சென்று வருவதென முடிவு செய்தோம். எங்களுள் கத்தோலிக்கர் இரு குடும்பத்தினர், ஏனையோர் இந்துக்கள். முதியவர் ஒருவர் அக்கரையிலேயே, ஆலந்தலையில் பிறந்தவர். இளமையில் மும்பைத் துறைமுகத்து வேலைக்கு வந்து, இங்கேயே பேரன் பேத்தி கண்டவர். வழிகாட்டியும் அவரே, செலவுக் கணக்கு எழுதியவரும் அவரே.

கொங்கண் இரயில்பாதையில் கர்மாலி நிலையத்தில் இறங்கினால் பழைய கோவா அருகிலேயே உள்ளது. பதினாறாம் நூற்றாண்டில் கீழ்த்திசையின் பெருநகரங்களுள் ஒன்றாக விளங்கிய இடம் அது. கொள்ளைநோய்கள் மக்களை விரட்டின. 1843இல் தலைநகரம் என்னும் பெயரும் பஞ்சிமுக்குச் சென்றது. இன்று பெருங்கோயில்கள் மட்டும் புல்வெளியில் தனித்து நிற்கின்றன. வீடுகளை இழந்த ஊரில் கோயில்கள் மட்டும் இவ்வளவு பெரியனவாக நிற்பதைக் காணும்போது, விருந்து முடிந்து எல்லோரும் போன பின் கல்யாணப் பந்தலில் நுழைந்தது போன்ற உணர்ச்சி தோன்றிற்று.

பொம் ஜேசு ஆலயம் 1594இல் தொடங்கப்பெற்று 1605இல் அருச்சிக்கப்பட்டது. முகப்பு சுண்ணச் சாந்து பூசாத செம்புறாங்கல். உள்ளே வலப்புறச் சிற்றாலயத்தில், தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அனுப்பிய பளிங்குப் பீடம் இருக்கிறது. பிளாரன்சு நகரச் சிற்பி பொக்கினி அதனைச் செய்தார். 1698இல் இங்கே கொணர்ந்து நிறுவினர். அதன்மேல் கோவாவின் வெள்ளித் தட்டார்கள் இழைத்த பேழை. பத்தாண்டுக்கு ஒருமுறை பேழையை இறக்கி மக்களுக்குக் காட்டுவர். கடைசியாக 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரையில் காட்டினர். உடல் முழுமையாகவும் இல்லை. வலக்கையின் ஒரு பகுதி 1614இல் எடுக்கப்பட்டு உரோமாபுரியில் சேசுசபையாரின் கோயிலில் வைக்கப்பட்டுள்ளது.

பீடத்தின் வெண்கலத் தகடுகளில் அவர் வாழ்க்கைக் காட்சிகள் அழகாக உள்ளன. ஆயினும் எங்கள் உள்ளம் அவற்றில் தோயவில்லை. அவர் மறைந்த வகையே நினைவில் நின்றது. 1552 டிசம்பர் 3ஆம் நாள், சீனக் கரைக்கு அண்மையிலுள்ள சாங்சுவான் தீவில், சீனாவுக்குள் நுழைய இடம் கிடைக்காமல், குடிசை ஒன்றில் காய்ச்சலில் கிடந்து அவர் உயிர் நீத்தார். உடனிருந்தவர் கோவாவில் படித்த அந்தோனி என்னும் சீன இளைஞர். நோயாளர் இறுதி நாட்களில் தமக்கு விளங்காத ஒரு மொழியில் பேசினார் என்று அவர் பின்னர்க் குறித்துள்ளார். அது சவேரியார் குழந்தையாக நவார் நாட்டில் தாயிடம் கற்ற பாஸ்கு மொழியாகலாம் என்பது ஆய்ந்தோர் கருத்து. பாரிசில் இலத்தீனில் படித்தவர். போர்த்துகீசிய மொழியில் நாடோறும் பேசியவர். தமிழும் மலாயும் சப்பானியமும் வாயில் வந்த அளவுக்குக் கூறியவர். காய்ச்சல் முற்றியபோது வந்தது இளமையில் பேசிய மொழி. சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது விளங்காத செய்தியன்று.

ஆலயத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால், சாலையோரத்தில் ஒரு வாயில் வளைவு மட்டும் தனியே நிற்கும். பார்க்க வருவோர் பெரும்பாலும் நிற்காமலே கடந்துவிடுகின்றனர். அங்கிருந்தது தூய பவுல் கல்லூரி. 1541இல் 'திருமறைக் கல்லூரி' என்று தொடங்கப்பெற்றுப் பின்னர் இப்பெயர் கொண்டது. கீழ்நாடுகள் பலவற்றின் மாணவர் அங்கே ஒருங்கே பயின்றனர். 1542 மே 6ஆம் நாள் கோவாவில் இறங்கிய சவேரியார், அவ்வாண்டின் மழைக்காலம் கழிந்ததும் தெற்கே புறப்பட்டபோது, கோவாவில் பயின்ற மூவரை உடன் அழைத்துச் சென்றார். மூவரும் முத்துக்குளித்துறையைச் சேர்ந்த தமிழர், போர்த்துகீசியமும் அறிந்தவர்கள். சவேரியாரின் பெயரால் பள்ளிகளும் ஊர்களும் நாடெங்கும் உள்ளன. அவருக்கு நாவாக நின்ற அம்மூவர் பெயரால் ஒன்றையும் யாம் கண்டிலோம். அவ்வளைவின் நிழலில் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம்.

மட்காவில் இரயிலேறினோம். அவர் பாய்மரக் கப்பலில் கடந்த மேலைக் கரையை நாங்கள் ஒரு பகலும் ஓர் இரவுமாகக் கடந்தோம். காளி ஆறு, நேத்திராவதி, பாரதப்புழை என்று ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிள்ளைகளுக்கு முதலில் பாலம் எண்ணுவது விளையாட்டாக இருந்தது; பிறகு உறங்கிவிட்டனர். கொல்லத்தில் வண்டி நின்றபோது பெரியவர்கள் மட்டும் விழித்திருந்தோம். அவ்வூருக்குத் தமிழில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதனைப் புன்னைக்காயலுக்குச் செல்லும்போது கூறுவோம்.

நாகர்கோவிலில் இறங்கினோம். கோட்டாறு அந்நகரத்தின் பழைய பகுதி. வணிகத்துக்குப் பேர்போன ஊர். அங்குள்ள சவேரியார் பேராலயம், அவர் வேணாட்டு அரசரின் இசைவு பெற்று எழுப்பிய சிறு கோயிலின் வழிவந்தது என்பது மரபு. வடுகர் படையை அவர் தனியொருவராக எதிர்நின்று தடுத்தார் என்றும், அதனால் மகிழ்ந்த அரசர் இடம் அளித்தார் என்றும் ஊரார் கூறுவர். படை திரும்பிய கதையை வரலாறாகக் கொள்ள எமக்கு மனமில்லை. அவர் கைப்பட எழுதிய ஒரு செய்தி அதனினும் வியப்பானது: திருவிதாங்கூர்க் கரையில் ஒரே திங்களில் பதினாயிரவருக்கு மேற்பட்ட முக்குவருக்குத் திருமுழுக்களித்ததாக 1545 சனவரியில் எழுதியிருக்கிறார். ஒரு திங்களில் பதினாயிரவர் எதைப் புரிந்துகொண்டு சேர்ந்தனர் என்ற வினா எழாமற்போகாது. எங்கள் கத்தோலிக்க நண்பர்களே முதலில் அவ்வினாவை எழுப்பினர். ஆயினும் அக்கரையோரச் சிற்றூர்களில் நானூற்றெண்பது ஆண்டுகளாக அந்நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக நின்று வருகிறது. அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அதே பேராலயத்தில் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை உள்ளது. 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்ட அவர், 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். சவேரியாரைக் காண வருவோருள் இவர் கல்லறையில் மண்டியிடுவோரும் பலர். டிசம்பர் 3ஆம் நாள் முடிவுறும் பத்து நாள் திருவிழாவில் எல்லா மதத்தினரும் கலந்துகொள்கின்றனர்.

கோட்டாற்றிலிருந்து வாடகை வண்டியில் குமரிமுனைக்குச் சென்றோம். சூரியோதயம், விவேகானந்தர் பாறை, 2000ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற 133 அடித் திருவள்ளுவர் சிலை ஆகியவற்றைக் காண அனைவரும் வருகின்றனர், நாங்களும் கண்டோம். ஆனால் இம்முறை கடலில் தெரியும் பாறைகளை வேறு கண்ணோடு பார்த்தோம். 1544 சூன் திங்களில் வடுகர் படை இக்கரையைச் சூறையாடியபோது, பரதவர் தம் குடில்களை விட்டோடிக் கடற்பாறைகளில் ஏறி உயிர் காத்தனர். நீரும் உணவுமின்றிப் பலர் அங்கேயே மாண்டனர். மணப்பாட்டில் இருந்த சவேரியார் இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு குமரியை நோக்கிப் புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்பு வலித்தும் பயனில்லை, கயிறு கட்டி இழுத்தும் பயனில்லை. மணப்பாட்டுக்கே திரும்பினார். காற்று மாறாது போகவே, பின்னர்க் கரைவழியே நடந்து சென்று, உயிர் தப்பியவர்களைக் கண்டார். இவ்வளவும் அவர் உடனுழைத்த பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில் உள்ளன. அற்புதங்கள் நிறைந்த வரலாறுகளில் இந்தத் தோல்விப் பயணத்துக்கு இடம் மிகக் குறைவு. எங்களுக்கோ படை திரும்பிய கதையைக் காட்டிலும் கரை சேராத இந்த இருபது தோணிகளே பெரியனவாகத் தோன்றின.

குமரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வடகிழக்கே திரும்புகிறது. கூடங்குளத்து அணுமின் நிலையத்தின் குவிமாடங்களைக் கடந்து, உவரி, பெரியதாழை வழியே செல்கையில் ஒருபுறம் கடல், மறுபுறம் பனை. ஆங்காங்கே தேரி என்னும் செம்மணல் மேடுகள். வெயில் ஏற ஏற, இந்த மணலில் ஒருவர் நடந்தே சென்றார் என்ற செய்தியைப் பிள்ளைகள் நம்ப மறுத்தனர். ஒரு முறையன்று; 1542 அக்டோபர் தொடங்கி 1544இன் இறுதி வரையில், இடையே கோவாவும் கொச்சியும் சென்ற நாள் தவிர, இக்கரையில் மேலும் கீழுமாக அவர் நடந்துகொண்டேயிருந்தார்.

மணப்பாடு தொலைவிலேயே தெரிந்துவிடும். கருமேனியாறு கடலில் கலக்குமிடத்தருகே, நிலம் ஒரு மணற்குன்றாக எழுந்து கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அதன் உச்சியில் திருச்சிலுவைக் கோயில். 1581இல் கட்டியது என்பர். சவேரியார் வருவதற்கு முன்னரே, புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமி ஒருவர் முறிந்த பாய்மரத்தால் ஒரு சிலுவை செய்து அக்குன்றில் நட்டார் என்று கூறுவர். செப்டம்பர் 14ஆம் நாள் அங்கே பெருவிழா. குன்றின் கீழே ஊர். அகன்ற பழைய வீடுகள், பல பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்கள் தூத்துக்குடியிலும் கொழும்பிலும் சென்னையிலும் வணிகம் செய்யப் போனவர்கள். பெயர்ப் பலகைகளில் பெர்னாண்டோ, கோமஸ், மச்சாடோ என்றிருந்தன. பெயரைப் பார்த்து ஒரு சிறுமி, இவர்கள் கோவாக்காரர்களா என்று வினவினாள். போர்த்துகீசியர் தந்தது பெயர் மட்டுமன்று, நம் எல்லோர் வீட்டிலும் உள்ள சாவி, சன்னல், மேசை, அலமாரி ஆகிய சொற்களும் அவர்கள் தந்தவையே என்று கூறியதும் வியந்தாள்.

குன்றின் கடற்பக்கச் சரிவில் ஒரு குகை. சவேரியார் தங்கித் தவமும் வேண்டுதலும் செய்த இடம் இதுவென்பர். அவருக்கு முன் சைவத் துறவியர் அங்கே தங்கினர் என்றும் ஊரார் சொல்லுகின்றனர். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே ஒரு கிணறு. கடல் பத்தடியில் மோத, கிணற்று நீர் உப்பின்றி இருக்கிறது. திருச்செந்தூர்க் கடற்கரையிலுள்ள நாழிக் கிணற்றை எங்கள் கூட்டத்துப் பெண்கள் உடனே நினைவுகூர்ந்தனர். மணலுக்கும் பாறைக்கும் இடையே ஊறும் நன்னீரின் இயல்பு இரண்டிடத்தும் ஒன்றே. சைவரும் கிறித்தவரும் அதனைத் தத்தம் தெய்வத்தின் கொடையாகக் கொண்டு குடிக்கின்றனர்.

இக்குகையில் அமர்ந்திருந்தபோதுதான், எங்களுள் ஒருவர் உடன் கொணர்ந்திருந்த சவேரியார் கடிதத் தொகுப்பிலிருந்து 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நெடுங்கடிதத்தின் செய்தியை எடுத்துரைத்தார். அம்மக்கள் தம்மையும், தாம் அம்மக்களையும் புரிந்துகொள்ள இயலவில்லை. ஏனெனில் அவர்கள் தாய்மொழி மலபார், தம் தாய்மொழி பாஸ்கு என்கிறார். தமிழைப் போர்த்துகீசியர் அந்நாளில் மலபார் என்றே வழங்கினர். மேலே எழுதுகிறார்: இருமொழியும் அறிந்தோரைத் தேடிக் கூட்டினார், பல நாள் உடனிருந்து, பெரும்பாடுபட்டு, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மரியாள் வாழ்த்து ஆகியவற்றைத் தமிழாக்கினர். அவற்றை அவர் செவிவழியே நெட்டுருச் செய்தார். பின் கையில் மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியவரையும் கூட்டி, நாளைக்கு இருமுறை வீதம் ஒரு திங்கள் கற்பித்தார். சிறுவர்கள் கற்றதை வீட்டில் தாய் தந்தையர்க்கும் ஏவலர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பிக்க வேண்டுமென ஏற்பாடு. நோயாளிகள் வீட்டிலிருந்து அழைப்புகள் மிகுந்து எல்லா இடத்துக்கும் தாமே செல்ல முடியாதபோது, செபம் அறிந்த சிறுவர்களையே அனுப்பினார்.

முப்பத்தாறு வயதினர், பாரிசுப் பல்கலைக் கழகத்தில் மெய்யியல் கற்பித்தவர், பிறர் வாயிலிருந்து எழுத்தெழுத்தாகப் பற்றிய தமிழை மணலில் நின்று கூவினார். கூட்டம் சிரித்திருக்காதா என்று எங்கள் பிள்ளைகள் கேட்டனர். சிரித்துத்தான் இருக்கும். அத்தமிழும் திருத்தமானதன்று. பின்வந்தோர் அதில் பிழைகள் பல கண்டு திருத்தினர். அவர் தமிழில் புலவரானார் என்பது பிற்காலப் புகழ்ச்சி. மனப்பாடமே அவர் கற்ற தமிழின் பெரும்பகுதி.

புகழ்ச்சி ஒருபுறமிருக்க, அவரிடம் உவப்பற்றவையும் உண்டு. அவற்றை மறைத்தல் முறையன்று. சிறுவர்கள் சிலைகளை உடைத்து மிதித்ததை மகிழ்ச்சியுடன் எழுதியிருக்கிறார். கள் குடிக்கும் பெண்களுக்குத் தண்டமும் சிறையும் விதித்தார். 1546இல் மலுக்குத் தீவுகளிலிருந்து போர்த்துகல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில், கோவாவுக்குச் சமய விசாரணை மன்றம் வேண்டுமெனக் கேட்டார். அது 1560இல், அவர் மறைந்த பின் வந்தது. பலருடைய வாழ்வைக் கெடுத்தது. எங்கள் கூட்டத்தில் இதைப் பற்றி வாக்குவாதம் எழுந்தது. காலத்தின் குற்றம் என்றார் ஒருவர். அக்காலத்திலேயே அவ்வாறு கருதாதவர் இருந்தனரே என்றார் மற்றொருவர். இரண்டாமவர் பக்கமே நியாயம் இருந்ததாக எமக்குப் பட்டது. அதே மனிதர்தான், பரதவரைக் காக்கக் கடமைப்பட்ட போர்த்துகீசியத் தளபதி அவர்களை விட்டுவிட்டுக் குதிரை விற்பதில் கண்ணாயிருந்தான் என்று சினந்து எழுதியவர். ஒருவரை ஒரே சொல்லில் அளந்துவிட முயல்வோர்க்கு அவர் கடிதங்கள் இடம் கொடா.

மணப்பாட்டிலிருந்து ஆலந்தலை அண்மையில்தான். 1544 செப்டம்பரில் சவேரியார் ஆலந்தலையிலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் எழுதிய சிறு கடிதங்கள் கிடைத்துள்ளன. எங்கள் முதியவரின் தமக்கையார் அங்கே வாழ்கிறார்; எண்பது கடந்தவர். தம்பியின் பேரனை அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். பையனுக்குப் பத்து வயது. மும்பையில் பிறந்தவன். இந்தி, மராத்தி, ஆங்கிலம் மூன்றும் தடையின்றிப் பேசுவான். தமிழ் காதில் விழுந்தால் பொருள் சிறிது பிடிபடும், பேச வராது. அக்கரைப் பேச்சின் விரைவில் அந்தச் சிறிதும் மறைந்துவிட்டது. மூதாட்டி அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பலவற்றையும் கேட்டார். அவன் தாயின் முகத்தையே பார்த்தான்.

"என்னய்யா, இந்தப் பாட்டிகிட்டப் பேசமாட்டியா?" என்றார்.

முதியவர் வேறு புறம் திரும்பிக்கொண்டார். நாங்கள் மொழிபெயர்க்க முன்வந்தோம். மூதாட்டி வேண்டாமெனக் கையமர்த்திவிட்டு, பையனை அடுப்படிக்கு அழைத்துச் சென்றார். அன்றைய மீன் ஒரு சுளகில் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, "சாளை" என்றார். அவன் "சாலை" என்றான். "சாலை இல்லய்யா, சாளை" என்று நாக்கை மடித்துக் காட்டினார். நெத்திலி, பாறை, விளமீன், சீலா, கணவாய் என்று பாடம் நடந்தது. பிழையாகச் சொன்னால் மீன் மீண்டும் சுளகுக்குப் போகும். சரியாகச் சொன்னால் சட்டிக்குப் போகும். சீலா மட்டும் முதல் முறையிலேயே சட்டிக்குப் போயிற்று. ளகரம் வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று; குழம்பு தாமதமானதற்கு ஒருவரும் வருந்தவில்லை. உணவின்போது அவன் ஆறு பெயரையும் வரிசையாகச் சொன்னான். முதியவர் ஒன்றும் பேசவில்லை. இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை செந்திலாண்டவரை வணங்க விரும்பியோர் திருச்செந்தூரில் இறங்கினர். மற்றவர் வீரபாண்டியன்பட்டினத்துக் கோயிலைப் பார்த்தனர். பின் எல்லோரும் கூடி, முசுலிம்கள் வாழும் பழம்பதியாகிய காயல்பட்டினம் வழியே புன்னைக்காயலுக்குச் சென்றோம். தாமிரபரணி கடலில் கலக்குமிடம் அது. அந்நாளில் போர்த்துகீசியருக்கு முதன்மையான நிலையம். இன்று அமைதியான மீனவர் ஊர். பார்ப்பதற்குப் பழங்கட்டடம் மிகுதியாக இல்லை. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அங்கே ஒருமுறை நின்றுவர வேண்டும்.

சவேரியார் விட்டுச் சென்ற பணியை ஏற்று, 1547 முதல் 1600 வரை இக்கரையில் உழைத்தவர் என்றிக்கே என்றிக்கசு பாதிரியார். அவர் மனப்பாடத்தோடு நிற்கவில்லை. தமிழை முறையாகக் கற்றார், இலக்கணக் குறிப்புகள் எழுதினார், பிழைகளைத் திருத்தினார். பரதவர் பொருளுதவி செய்தனர். கோவாவில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. கொல்லத்தில் மேலும் திருத்தமாக வார்க்கப்பட்டன. 1578 அக்டோபர் 20ஆம் நாள், நாங்கள் நள்ளிரவில் கடந்து வந்த அக்கொல்லத்தில், பதினாறு பக்கங்கொண்ட 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. இந்திய மண்ணில் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சேறி, நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அதுவே. மறு ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. 1586இல் அச்சான 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல் இப்புன்னைக்காயலில் அச்சிடப்பட்டதெனக் கருதுகின்றனர். மணியடித்து வாயால் கற்பித்ததற்கும் காகிதத்தில் தமிழெழுத்து பதிந்ததற்கும் இடையே நாற்பதாண்டுகூட ஆகவில்லை.

ஆற்றுமுகத்தில் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. நூலைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருக்க, ஆலந்தலைப் பையன் படகுகளின் பக்கம் எழுதியிருந்த பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு நடந்தான். பாதி சரி, பாதி பிழை. படகிலிருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே திருத்தினார்.

தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயத்தைக் கண்டோம். இப்போதுள்ள கோயில் 1713ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆகஸ்டு 5இல் முடியும் திருவிழாவும், சில ஆண்டுகளில் மட்டும் ஓடும் பொற்றேரும் புகழ் பெற்றவை. ஊருக்குப் பேர் தந்த முத்துக்குளிப்பு நின்று பல்லாண்டுகள் ஆயின. பிள்ளைகளுக்கு முத்தினும் இவ்வூர் மக்ரோன் இனிப்பே பெரிதாயிற்று. அதுவும் போர்த்துகீசியர் தந்தது என்கின்றனர்.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். நான்கு நாட்கள் போதும். கோட்டாற்றுத் திருவிழா நாட்களிலும் செப்டம்பர் நடுவில் மணப்பாட்டிலும் கூட்டம் மிகுதி. தங்குமிடம் முன்னதாகவே பேசி வைத்தல் வேண்டும். திருச்செந்தூரில் விடுதிகள் உண்டு. அங்கிருந்து மணப்பாடு சுமார் 18 கிலோமீட்டர், பேருந்து கிடைக்கும். மணப்பாட்டுக் குன்றின்மேல் நிழலில்லை. குடை கொண்டு செல்க. ஊரில் பெண்கள் பனையோலையால் பெட்டிகள் முடைந்து விற்கின்றனர்; இரயிலில் பலகாரம் வைக்க மிக ஏற்றவை. குகைக்குள் இறங்கும்போது தலையைக் காத்துக்கொள்ள வேண்டும். எங்களுள் இருவர் இடித்துக்கொண்டனர்.